இரண்டு வீட்டு டெக்

போன சித்திரையில் ஒரு காலை, எங்கள் வீட்டில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. கோமு அடுப்படியிலிருந்து, "அடுப்புல ஒன்னும் வைக்கலையே, எங்கேருந்து வருது?" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். நான் வீடியோ டெக்கின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கேசட்டை உள்ளே வாங்கிக்கொண்டு, இரண்டு தடவை முனகிவிட்டு, அது அப்படியே நின்றுவிட்டது. வெளியே தள்ளும் பொத்தானை அமுக்கினால் விளக்கு மட்டும் எரிகிறது. உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது எங்கள் கல்யாணக் கேசட்.

டெக் சூடானால் வரும் ரப்பர் வாசனை உனக்குப் பிடிக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "நல்லா மூச்சு விடுதுலே" என்பாய். அன்றைக்கு வந்தது அந்த வாசனை இல்லை. நீ இருந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடியிருப்பாய். ஒன்றும் தெரியாமலே மூடியைக் கழற்றி, ஊதி, தட்டி, திரும்ப மூடி, ஒரு ஸ்க்ரூவை மிச்சம் வைத்திருப்பாய். நான் உன்னைப் போல் தைரியசாலி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகியிருந்தது. இந்த ஆறு மாதத்தில் உன்னை அன்றைக்குத் தேடியது போல் என்றைக்கும் தேடவில்லை.

லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மகள்தான் அந்தக் கேசட்டைப் போடச் சொன்னவள். நிலைமையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதைத் தூக்கிப் போட்டுருங்க. கேசட்டை எல்லாம் பென் டிரைவ்ல ஏத்தித் தாரேன். உங்களுக்கு ஒன்னு, ராஜபாளையம் அத்தைக்கு ஒன்னு. ஆளுக்கொன்னு ஆச்சுன்னா தொந்தரவே இல்லை" என்றாள்.

தொந்தரவே இல்லை. அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக நாம் இரண்டு பேரும் அந்தத் தொந்தரவைத்தானே ஆசை ஆசையாகச் சுமந்துகொண்டிருந்தோம்.

வீடியோ டெக் என்றால் ஊரே வாயைப் பிளந்த காலம் அது. தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் போடுவார்கள். நமக்கும் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்ற வெறி. ஆனால் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட், நீ ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். முழு டெக் நம் இருவருக்குமே எட்டாக்கனி. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் டிவியில் வருவதைப் பதிகிற டெக் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, வேகாத வெயிலில் என் ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றாய்.

"ஆளுக்குப் பாதி போடுவோம்லே மாப்ளே."

"பாதி டெக்கை வச்சு என்ன செய்ய?"

"மாசத்துக்கு ஒருதடவை மாத்திக்கிடுவோம். ஒரு மாசம் உங்க வீடு, ஒரு மாசம் எங்க வீடு. கோயில்ல முறை வச்சுப் பூசை பண்ணுறாகள்ல, அதே மாதிரி."

எனக்கு எதையும் சட்டப்படி செய்தால்தான் தூக்கம் வரும். பாகப் பிரிவினை மாதிரி டைப் அடித்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். "நீ டைப் அடிச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன், போலே" என்று சொல்லிவிட்டு வாயாலேயே சட்டம் போட்டாய். மாதத்தின் முதல் சனிக்கிழமை டெக் கைமாற வேண்டும். வைத்திருப்பவன்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வாங்க வேண்டியவன் போய்க் கேட்கக் கூடாது. விற்பதோ, மாற்றுவதோ, பிரித்து ரிப்பேர் பார்ப்பதோ, இரண்டு வீடும் சம்மதித்தால்தான். கேட்கக் கூடாது என்று ஏன் வைத்தாய் என்று நான் வாதாடினேன். "கேட்டுட்டா கடன்காரன் மாதிரி ஆயிரும்லே. தானா வந்தாத்தான் அது விருந்தாளி" என்றாய்.

அந்த விருந்தாளியை நீ முதல் தடவை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த கோலத்தை எப்படி மறக்க? அடி படாமல் இருக்க வேண்டும் என்று உன் கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைச் சுற்று சுற்றென்று சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். வன்னியம்பட்டி விலக்கில் ஏறிய ஓர் அம்மா பதறிப்போய், "யாருக்குய்யா இம்புட்டு அடி?" என்று கேட்டாராம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட வந்தபோது, "மடியில வச்சிருக்கிற பிள்ளைக்கு எங்கய்யா டிக்கெட்டு?" என்று நீ கேட்டாயாம். பஸ்ஸே சிரித்ததில் அவர் விட்டுவிட்டாராம். எல்லாம் நீ சொல்லிக் கேட்டதுதான். நீ சொல்லும் கதையில் பாதியைத்தான் நம்பலாம் என்பது கோமுவின் கட்சி. நான் முழுவதையும் நம்பினேன்.

மறு மாதம் நான் உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழி நெடுக மலை கூடவே வரும். நான் மலையைப் பார்க்கவே இல்லை. பிரேக் போடும்போதெல்லாம் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். உன் வீட்டு வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து உன் அம்மா, "ஒச்சிந்தா?" என்று கேட்டார். வந்துவிட்டதா என்று உங்கள் தெலுங்கில் கேட்கிறார் என்று புரிந்தது. ஆமாம்மா, வந்துட்டேன் என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "உன்னை எவன்லே கேட்டான்? டெக்கைக் கேக்குறா."

இனி அந்தப் பிளாஸ்திரி கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் உன்னைப் பற்றி எழுதினால் கோமு இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவாள்.

கேசட்டின் முதுகில் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. அழியக் கூடாத கேசட் என்றால் வீடியோக்காரர்களே ஒடித்துத்தான் தருவார்கள். எங்கள் கல்யாணக் கேசட்டிலும் ஒடித்துத் தந்திருந்தார்கள். உன் வீட்டுக்காரி ருக்மணிக்குக் கோமுவின் முகூர்த்தப் புடவையைப் பார்க்க ஆசை என்று ஒரு மாதம் டெக்கோடு கேசட்டையும் கொண்டுவந்து கொடுத்தோம். நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். ஓட்டையைக் கண்டாய். மனம் பொறுக்கவில்லை. காயம் என்றால் கட்டுப் போட்டுத்தானே உனக்குப் பழக்கம்? கம்பெனியிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவந்து, அளவாக நறுக்கி, அந்த ஓட்டையை மூடி, அழுத்தித் தேய்த்து விட்டாய். எங்களுடையதோடு நிற்கவில்லை. வீட்டில் பல் இல்லாமல் இருந்த அத்தனை கேசட்டுக்கும் வைத்தியம் பார்த்தாய். "எல்லாத்துக்கும் புண்ணு ஆறிருச்சு மாப்ளே" என்று எனக்குப் போன் வேறு போட்டுச் சொன்னாய். ஓட்டையை மூடினால் கேசட் மறுபடியும் பதியத் தயாராகிவிடும் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல காரியம் செய்தாய் என்று பாராட்டினேன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ருக்மணி கேசட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கொட்ட, நான் தாலியைக் கையில் எடுக்கிற நேரம், அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நிறுத்திவிட்டு ஓடினாள். சாயங்காலம் வீட்டோடு ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினீர்கள். டிவியில் வரப்போகும் படத்தை அம்மாவுக்காகப் பதிய வேண்டும் என்று நீ மணியை முடுக்கி வைத்தாய். உள்ளே என்ன கேசட் இருக்கிறது என்று பார்க்கவில்லை. மணியையும் தப்பாக வைத்தாய். படம் தொடங்குவதற்கு முன்னாலேயே டெக் விழித்துக்கொண்டு, அப்போது ஓடிக்கொண்டிருந்த விவசாய நிகழ்ச்சியைப் பதிந்து தள்ளிவிட்டுத் தூங்கிப்போய்விட்டது.

விளைவு? எங்கள் கல்யாணத்தில் மேளம் கொட்டுகிறது, அட்சதையோடு எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள், நான் தாலியோடு குனிகிறேன். திரையில் புள்ளி புள்ளியாக மழை. அடுத்து, தலைப்பாகை கட்டிய ஒருவர் ஒரு வெள்ளாட்டின் வாயைப் பிளந்து குடற்புழு மருந்து ஊற்றுகிறார். ஆடு நேராக நம்மைப் பார்க்கிறது. வெகுநேரம் ஆடு. அது முடிந்தால் பந்தியில் பாயசம்.

நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாயே, அந்தக் கோலம்! கையில் ஒரு பால்கோவாப் பொட்டலம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்கள் ஊர்க் கடையில் வாங்கியது. கோமு அதைத்தான் முதலில் பார்த்தாள். "ஏண்ணே, எங்க ஊருல வாங்கி எங்களுக்கே குடுத்துச் சமாதானம் பண்ணுதீகளா?" என்றாள். பிறகு கேசட்டைப் போட்டோம். ஆடு வந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிளுக் என்று ஒரு சத்தம். கோமு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தாலி கட்டினதுக்கு இந்த ஆடுதான் சாட்சி" என்றாள். நீ சட்டென்று எழுந்து, "வேணும்னா இன்னொரு தடவை கட்டச் சொல்லுதேன் தங்கச்சி" என்றாய். அவள் விளக்குமாற்றைத் தேடினாள்.

அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கேசட்டைத்தான் போட்டுக் காட்டினோம். என் மகள் சின்னப் பிள்ளையில் ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஆடு எப்பப்பா வரும்?" என்று கேட்டாள். இன்னொரு பிரிண்ட் வேண்டுமா என்று வீடியோக்காரர் பின்னால் கேட்டபோது கோமு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மாதம் தவறாமல் டெக் போனது, வந்தது. புரட்டாசியில் முதல் சனிக்கிழமை என்றால் இரண்டு வீடும் எங்கள் ஊரை ஒட்டி, பெரிய திருவண்ணாமலையின் பேரிலேயே இருக்கும் குன்றுக்குப் பெருமாளைப் பார்க்கப் போகும். அங்கே வைத்துக் கைமாற்றினால் ஒரு பஸ் மிச்சம் என்று ஒரு வருஷம் டெக்கை அங்கேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். அடிவாரத்தில் நாம் புளியோதரை தின்றுகொண்டிருந்த நேரத்தில் ஒரு குரங்கு பேண்டேஜ் துணியின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறியது. துணி பாட்டுக்குப் பிரிந்துகொண்டே மேலே போகிறது. நீ டெக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, துணி போனாப் போகட்டும், புள்ளையைப் புடி!" என்று கத்துகிறாய். சாமி கும்பிட வந்த கூட்டம் பிள்ளையைத்தான் குரங்கு தூக்குகிறது என்று நினைத்து ஓடிவந்தது. ருக்மணி தலையில் அடித்துக்கொண்டு, யாரோ எவரோ என்பது போல் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

கேபிள் வந்தது, சிடி வந்தது, போனிலேயே எல்லாம் வந்தது. அப்போதும் மாதத்தின் முதல் சனிக்கிழமை நம் மடியில் டெக் இருந்தது. பல மாதங்களில் அதை மின்சாரத்தில் செருகவே இல்லை. கொண்டுபோய் வைப்போம், சாப்பிடுவோம், வெயில் தாழப் பேசிக்கொண்டிருப்போம், எழுந்து வருவோம். ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டதற்கு நான் ஒருபோதும் நேராகப் பதில் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. டெக் எங்கள் வீட்டில் இருந்தது.

கார்த்திகையில் உங்கள் முறை. நான் கொண்டுபோகவில்லை. காரியம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அழுதுகொண்டிருக்கிற வீட்டு வாசலில் டெக்கோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? மார்கழியில் போகலாம் என்றேன், தையில் என்றேன். ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் சட்டையைப் போட்டுக்கொண்டு டெக்கைப் பார்ப்பேன், பிறகு சட்டையைக் கழற்றிவிடுவேன். ருக்மணியிடமிருந்து போன் வருவதும் குறைந்தது. "நல்லாருக்கீகளா அண்ணாச்சி?" "இருக்கோம்மா." அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேச்சு ஓடாது. நீ இல்லாமல் இந்த இரண்டு வீட்டுக்கும் பேச ஒன்றுமே இல்லையோ என்று எனக்கு உள்ளூரப் பயம். இப்படித்தான் விட்டுப்போகும் போலிருக்கிறது என்று கோமுவிடம் ஒரு நாள் சொன்னேன். அவள் விருட்டென்று எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் டெக்கும் மூச்சை நிறுத்தியது. மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். மேல்மூடியைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பெல்ட்டெல்லாம் இளகிப் போயிருக்கு சார். சரி பண்ணலாம். பெல்ட்டு மதுரைலருந்து வரணும். இல்லைன்னா இதைவிட நல்ல கண்டிஷன்ல பழைய டெக்கு ஒன்னு இருக்கு, இதைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கிடுங்க. பேசாம மாத்திருங்க சார், அதுதான் லேசு."

"உள்ள இருக்கிற கேசட்டு?"

"பிரிச்சாத்தான் வரும். பிரிக்கவா?"

நான் கோமுவைப் பார்த்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுல பாதி நம்மளது இல்லையே. அவுககிட்டக் கேக்காம எப்படிப் பிரிக்க?" என்றாள். சட்டம் அவளுக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "வர்ற சனிக்கிழமை முதல் சனிக்கிழமை. நானும் வாரேன், கிளம்புங்க" என்றாள்.

கிளம்பினோம். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கோமு ஜன்னலோரம் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் டிக்கெட்டு கிடையாது, மடியில இருக்கிறதுக்கும் கிடையாது, உங்களுக்கு மட்டும்தான் தண்டம்" என்றாள். நான் சிரிக்கவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது என்பதே என் யோசனை.

கதவைத் திறந்தது ருக்மணி. இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்ததைப் பார்த்தாள். வாங்க என்று கூடச் சொல்லவில்லை. என் கையிலிருந்து டெக்கை அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டிவிக்குக் கீழே அதன் தட்டு காலியாகக் கிடந்தது. ஒரு பூச்சாடியோ, ஒரு பேப்பரோ அதில் இல்லை. தூசி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. டெக்கை அதில் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஆறு மாசம் அண்ணாச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒவ்வொரு மொத சனிக்கிழமையும் சோறு கூட வடிச்சு வைப்பேன். வருவீக, வருவீகன்னு. போன் பண்ணிக் கேட்டிருப்பேன். கேக்கக் கூடாதுன்னு அவிய சொல்லிட்டுப் போயிருக்காகள்ல? எப்படிக் கேக்க?"

இரண்டு ஊரிலும் இரண்டு பேர் உன் சட்டத்தைக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோமு போய் ருக்மணியைக் கட்டிக்கொண்டாள். பிறகு ருக்மணியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கூட வடிச்ச சோத்தையெல்லாம் யாரு தின்னா தெரியுமா? அவிய அக்கா. அவுக ஒரு சுத்துப் பெருத்துட்டாக" என்றாள். அந்த நிமிஷத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது.

சாப்பிட்டபின் விஷயத்துக்கு வந்தேன். சரி பண்ணலாம், மாற்றலாம், இல்லை மகள் சொன்ன மாதிரி ஆளுக்கொரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். மூன்றையும் கோர்ட்டில் வாசிப்பது போல் வரிசையாகச் சொன்னேன். எதற்கும் நான் பரிந்து பேசவில்லை. உன் பாதிக்குச் சொந்தக்காரி அவள்.

"ஆளுக்கு ஒன்னா?" என்றாள் ருக்மணி. "ஆளுக்கு ஒன்னு இருந்தா, பொறவு யாரு யாரு வீட்டுக்குப் போறது?"

"நானும் அதைத்தான் சொல்லுதேன்" என்றாள் கோமு. அவள் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"பிள்ளைக வேணும்னா எதுல வேணும்னாலும் ஏத்திக்கிடட்டும் அண்ணாச்சி. இதைச் சரி பண்ணணும். வேற டெக்கு வேண்டாம்."

"சரியாகலைன்னா?"

"சரியாகலைன்னா மொத சனிக்கிழமை வராமப் போயிருமா?"

உன் மகன் அங்கேயே தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னான். விடைபெறும்போது கோமு, "ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க மதினி, ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டாள். ருக்மணி முடியாதென்று தலையை ஆட்டினாள். வருஷம் திரும்பும்வரை ஊர் தாண்டக் கூடாது என்று உன் அக்கா சொல்லியிருக்கிறாராம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உங்கள் வழக்கம் அது. "கோயிலுக்குன்னு சொன்னாலும் கூடாதுங்குறாக. வேற என்னன்னு சொல்லிட்டு நான் வர?" என்று கேட்டாள். நீ போன நாளிலிருந்து அவள் அந்தத் தெருவைத் தாண்டவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் மடி காலியாக இருந்தது. மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மனத்தில் பாதிதான் நிறைந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து ருக்மணியிடமிருந்து போன். எடுத்ததும் ஒரே கத்தல்.

"அண்ணாச்சி, ஆடு பொழைச்சிருச்சு!"

பெல்ட் வந்து மாட்டியாயிற்றாம். கேசட் சேதமில்லாமல் வெளியே வந்துவிட்டதாம். ஓரிடத்தில் மட்டும் நாடா கசங்கி, ஆட்டின் மூஞ்சியில் ஒரு கோடு ஓடுகிறதாம். "நல்லவேளை, உங்க மூஞ்சியில ஓடல" என்றாள். "உங்க மூஞ்சியில ஓடியிருந்தாலும் பாதகமில்லை" என்று பின்னாலிருந்து கோமு. இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். போன் எனக்குத் திரும்பி வரவே இல்லை.

இன்றைக்கு வைகாசி முதல் சனிக்கிழமை. எங்கள் முறை. உன் மகன் பைக்கில் கொண்டுவந்து தருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அவன்தான் கூப்பிட்டான். "மாமா, அம்மா பஸ் ஏறிட்டாங்க. நான் கொண்டுபோறேன்னேன், விடலை. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருங்க."

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவே இல்லை. நானும் கோமுவும் போட்டது போட்டபடி ஓடினோம். பஸ் வந்து நின்றது. முன்பக்கப் படியில் ருக்மணி, பெரிய துண்டில் சுற்றிய டெக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள். ஆறு மாதத்துக்கும் மேலாக வெளிவாசல் பார்க்காத மனுஷி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அக்கா ஒன்னும் சொல்லலையா மதினி?" என்று கோமு கேட்டாள்.

"எங்க போறேன்னு கேட்டாக. நம்ம முறை முடிஞ்சு போச்சு, வச்சிருக்கவுகதான் கொண்டுபோய்க் குடுக்கணும், உங்க தம்பி போட்ட சட்டம், மீறச் சொல்லுதீகளான்னு கேட்டேன். பொறவு அவுகளே ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டாக. திங்கக்கிழமை வந்தாப் போதுமாம்."

யாரையும் போய்க் கேட்கக் கூடாது, கையில் இருப்பவன்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நீ அன்றைக்கு விளையாட்டாகப் போட்ட சட்டம் உன் ருக்மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்து விட்டிருக்கிறது. டைப் அடிக்கிறேன் என்று நான் வாதாடியதெல்லாம் எவ்வளவு அசட்டுத்தனம்! சந்தோஷத்தில் நடு பஸ் ஸ்டாண்டில் மரம் மாதிரி நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி வேடிக்கை பார்த்துக்கிட்டு? பிடிங்க, இடுப்பு விட்டுப் போச்சு" என்று என் கையில் டெக்கைத் தள்ளினாள். வாங்கிக்கொண்டேன். கோமுவும் ருக்மணியும் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். அவர்கள் பேச்சும் சிரிப்பும் தெருவையே நிறைத்தன. பின்னால் ஒருவன் வருகிறானா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் பாதி, என் பாதி இரண்டையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் அவர்கள் பின்னாலேயே போனேன்.